கதவை மூடிவிட்டுப் பராமரிக்க முடியாது: ஒரு முதியோர் இல்ல நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

இல்லத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

சென்ற மாதம் குடும்பத்தினருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். தொற்றுக் காலத்தில் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த கட்டுப்பாடுகளை இனி நிரந்தர விதிகளாக வைத்துக்கொள்ளப் போவதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், முன்பதிவு செய்து, வரவேற்பறையில் மட்டும் சந்திப்பு. உறவினர்கள் அறைக்குள் வரக் கூடாது. மூன்று வேளைச் சாப்பாடும் அவரவர் அறைக்கே வரும். பொதுக்கூடம் காலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும். ஒருவர் அறைக்கு இன்னொருவர் போய் உட்காருவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று ஊழியர்களுக்கு ஒரு அறிவுரை. இத்தனைக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒரே வரி: குடியிருப்போரின் பாதுகாப்பும் அமைதியும் கருதி.

என் அம்மா அங்கே வசிக்கிறார். இந்த விதிகள் இப்போதுதான் எழுத்தில் வந்திருக்கின்றன, ஆனால் நடைமுறையில் நெடுநாளாக இருப்பவை. அவை அம்மாவை என்ன செய்தன என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். மேலாளரிடம் பேசிப் பார்த்தேன், செவிலியர் பொறுப்பாளரிடமும் பேசினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். விதியை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்றார்கள். அது உங்களிடம் இருக்கிறது. அதனால் உங்களிடமே கேட்கிறேன், மற்ற குடும்பங்களும் படிக்கும்படி வெளிப்படையாகக் கேட்கிறேன்.

மனிதர்களோடு இருப்பதை நீங்கள் ஒரு கூடுதல் வசதியாகக் கணக்கிடுகிறீர்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய பாதகம் இல்லை என்று. நான் இதை ஏற்கவில்லை. மருந்தும் உணவும் சுத்தமும் எப்படிப் பராமரிப்பில் சேர்கின்றனவோ, பேச்சும் துணையும் அப்படியே சேரும். அதை நிறுத்தினால் மனம் கெடுகிறது, பின்னாலேயே உடம்பும் கெடுகிறது. நான் பார்த்தது அதைத்தான்.

அம்மா உங்கள் இல்லத்துக்கு வந்தபோது கால் தளர்ந்திருந்தது, மனம் தளரவில்லை. வந்த சில வாரங்களிலேயே சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு மேசை அமைந்துவிட்டது. நான்கு பேர். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார், மற்ற மூவரும் அதை வைத்து வாதம் செய்வார்கள். நான் போகும்போது சில நாட்கள், "கொஞ்சம் இரு, இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று என்னையே காக்க வைத்திருக்கிறார். அப்போது எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

கூடம் மூடப்பட்ட பிறகு முதலில் குறைந்தது சாப்பாடு. தட்டு பாதியோடு திரும்பிப் போகத் தொடங்கியது. அப்புறம் தூக்கம் குலைந்தது. நடு இரவில் விழித்துக்கொள்வார், பகல் முழுக்கக் கண்மூடிப் படுத்திருப்பார். அதற்கு ஒரு தூக்க மாத்திரை எழுதப்பட்டது. மாத்திரையின் மயக்கம் காலையிலும் தெளியாததால், பொதுக்கூடம் திறந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் தூங்கியே கழித்தார். பேச்சு சுருங்கியது. எதைக் கேட்டாலும் ஆமாம், இல்லை, தெரியாது. கொஞ்ச நாளில் சந்தேகங்கள் வந்தன. தன் துணிகளை யாரோ எடுக்கிறார்கள், ஊழியர்கள் தன்னைப் பற்றி வெளியே நின்று பேசுகிறார்கள் என்றார். இல்லத்துக்கு வரும் மருத்துவர், இது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், வயதானால் இப்படித்தான் என்றார். மாத்திரையின் அளவு கூடியது.

இதற்கு நடுவில் கண் அறுவை சிகிச்சைக்காக அம்மாவைச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். அங்கே புதிதாக எந்த மருந்தும் இல்லை. வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது, சாப்பிடும்போது எதிரில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்லத் தட்டு காலியாகத் தொடங்கியது. பகலில் விழித்திருந்தார், அதனால் இரவில் தூங்கினார். துணி காணாமல் போகும் பேச்சே வரவில்லை. அங்கே அவரைப் பரிசோதித்த மனநல மருத்துவர், இது மறதி நோய் இல்லை, மனச்சோர்வு என்றார். முதியவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக வெளிப்பட வேண்டும் என்பதில்லை. பசியின்மையாக, உடம்பு வலியாக, ஞாபகக் குறைவாக, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவதாக வரும். பார்ப்பவர்கள் வயது என்று நினைத்துவிடுவார்கள். மறதி நோய் என்று முத்திரை குத்தும் முன் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பது மருத்துவத்தின் பால பாடம் என்றும் அவர் சொன்னார்.

அம்மா திரும்பி உங்களிடம் வந்தார். எங்கள் வீட்டு மாடிப்படிகளில் அவரால் நிரந்தரமாக ஏறி இறங்க முடியாது, இரவில் தூக்கிவிட ஆள் வேண்டும், அதற்கான ஏற்பாடு உங்களிடம்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. அறை சுத்தமாக இருக்கிறது, மருந்து நேரத்துக்கு வருகிறது, படுக்கைப் புண் ஒருமுறைகூட வந்ததில்லை. உங்கள் ஊழியர்களின் உழைப்புக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் திரும்பி வந்த சில வாரங்களிலேயே தட்டு மறுபடி பாதியோடு போகத் தொடங்கிவிட்டது.

இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில், "அவருக்கே யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, கூப்பிட்டாலும் வெளியே வர மாட்டேன் என்கிறார்." இந்தப் பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் பல குடும்பங்களுக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது, கேட்டவர்களும் சரி, அவர் விருப்பம் என்று திரும்பிவிடுகிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்த ஜான் காச்சியோப்போ என்ற உளவியலாளர், தனிமை உணர்வைப் பசியோடும் தாகத்தோடும் சேர்த்துப் பேசினார். உணவு தேவை என்று பசி உணர்த்துவதுபோல, மனிதர்கள் தேவை என்று உடம்பு தரும் எச்சரிக்கை அது. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதை ஒட்டியதுதான். 10 மணி நேரம் யாரோடும் பேசாமல் தனியே இருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டியபோது, பட்டினி இருந்தவர்கள் உணவுப் படத்தைப் பார்க்கும்போது மூளையில் தூண்டப்படும் அதே பகுதி தூண்டப்பட்டது. வெறும் 10 மணி நேரத்தில் இவ்வளவு.

ஆனால் தனிமை நீண்டுகொண்டே போகும்போது வேறொன்று நடக்கிறது என்பதையும் காச்சியோப்போவின் குழு காட்டியது. நெடுநாள் தனித்திருப்பவரின் மனம் எச்சரிக்கை நிலைக்குப் போய்விடுகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. சாதாரண முகபாவத்திலும் வெறுப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. பிறர் தன்னை ஒதுக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் தானே முந்திக்கொண்டு ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்கத் தனிமை கூடுகிறது, கூடக் கூட பயம் வளர்கிறது. அம்மாவின் துணி காணாமல் போன கதையும், ஊழியர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற புகாரும், நான் அழைத்தால் "உனக்கு வேலை இருக்கும், வராதே" என்று அவர் சொன்னதும் எங்கிருந்து வந்தன என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே ஒருவர் வெளியே வர மறுக்கிறார் என்றால் அது அவர் விருப்பம் என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிடாதீர்கள். அது ஒரு அறிகுறி. காய்ச்சல் வந்தால் குறித்துக்கொண்டு காரணம் தேடுகிறீர்கள் அல்லவா, அந்த அளவு கவனம் இதற்கும் வேண்டும். தனியாக இருப்பதை உண்மையிலேயே விரும்புபவர்கள் உண்டு, அவர்களை யாரும் இழுத்து வந்து உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் நேற்றுவரை நான்கு பேரோடு வாதம் செய்தவர் இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதை அவர் விரும்பித்தான் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்த மேசையில் செய்தித்தாள் வாசித்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு உறவென்று யாரும் இல்லை. சந்திப்பு நேரம் ஒரு மணியா இரண்டு மணியா என்பதே அவருக்குப் பொருட்டில்லை, ஏனென்றால் அவரைப் பார்க்க வர ஆளே கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் அந்த மேசைதான். கூடத்தை மூடியதும், ஒருவர் அறைக்கு இன்னொருவர் போகக் கூடாது என்றதும் எல்லோரையும்விட அவரைத்தான் அதிகம் பாதித்தது. ஒரு நாள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகும் சொல்லவில்லை. கதவில் பெயர் அட்டை இல்லாததைப் பார்த்து அம்மாவே தெரிந்துகொண்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மற்றவர்கள் மனம் கலங்கக் கூடாது என்பதால் இறப்புச் செய்தியைச் சொல்வதில்லை, அதுதான் வழக்கம் என்றார்கள்.

எண்பது வயதில் ஒருவருக்கு மரணம் என்றால் என்ன என்று தெரியாதா? தன் நண்பருக்காக அழுவதற்கும், அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்கும் கிடைக்க வேண்டிய வாய்ப்பை அம்மாவிடமிருந்து பறித்துவிட்டார்கள். தான் போனாலும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் போவோம் என்று அவர் என்னிடம் சொன்னார். அந்த வார்த்தைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் பதில் என்ன என்று தெரிய வேண்டும்.

இதை ஒரு மகளின் வருத்தம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் சமூகத் தொடர்பு பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 2025 ஜூனில் வந்த அதன் அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8,71,000க்கு மேற்பட்ட இறப்புகள் அதோடு தொடர்புடையவை என்றும் சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 100 பேர். முதியவர்களில் 3 பேரில் ஒருவர் வரை சமூகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்களாக இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறது. அதற்கு முன்பே, 2010இல், 148 ஆய்வுகளைத் தொகுத்து 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்த ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, உறுதியான உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று கண்டது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளின் பட்டியலில் சமூகத் தனிமை இருக்கிறது. கேட்கும் திறன் குறைவதும் இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது.

கேட்கும் திறன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அம்மாவின் காது கருவியில் பேட்டரி தீர்ந்து போய் நாட்கணக்கில் மாற்றப்படாமல் இருந்ததை நான் கவனித்திருக்கிறேன். காது கேட்காதவரைப் பத்துப் பேர் நடுவில் உட்கார வைத்தாலும் அவர் தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு நிமிட வேலை இது. ஆனால் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

பொதுக்கூடத்தையும் பாருங்கள். நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி வரிசையாக, தொலைக்காட்சியை நோக்கிப் போடப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும், கழுத்து வலி உள்ளவர்கள் எப்படித் திருப்புவார்கள்? 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவில் ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் இதே நிலையைப் பார்த்தார். சுவரோரம் இருந்த நாற்காலிகளை எடுத்துச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். அங்கிருந்தவர்களுக்கு இடையே பேச்சு கணிசமாகக் கூடியது. கூடுதல் ஆள் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம், நாற்காலிகளை நகர்த்தினால் போதும்.

உங்கள் தரப்பு நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். முதலாவது தொற்று. பெருந்தொற்றின் தொடக்கத்தில் கதவை மூடியதை நான் எதிர்க்கவில்லை. என்ன நோய் என்றே தெரியாத நேரம் அது. ஆனால் அந்தக் காலத்திலேயே, 2020 மே மாதம், நெதர்லாந்தில் 26 இல்லங்களில் தகுந்த நெறிமுறைகளோடு உறவினர்களை மறுபடி அனுமதித்துப் பார்த்தார்கள். அடுத்த மூன்று வாரங்களில் அந்த இல்லங்களில் புதிய தொற்று பதிவாகவில்லை, அங்கே வசிப்பவர்களின் மனநிலை மேம்பட்டது என்று இல்லங்கள் சொல்லின. கதவை முழுக்க மூடுவதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் இடையே எத்தனையோ வழிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமே பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடியதாகவும், அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சமூகத் தனிமை என்றும் 2022இல் சொன்னது. தொற்றின் ஆபத்தை மட்டும் எடை போட்டு, தனிமையின் ஆபத்தைத் தராசில் வைக்காமலே விடுவது சரியான கணக்கு ஆகாது.

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்கள் பார்வையாளர்களைச் சந்திக்க வழிசெய்வது சட்டம் வகுத்த அடிப்படைத் தரங்களில் ஒன்றாகிவிட்டது. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான் மறுக்கலாம், அப்படி மறுக்கும் இல்லம் காரணம் காட்ட வேண்டும். கண்காணிப்புத் துறை அதிகாரிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். இப்போது நம் நிலைமை தலைகீழாக இருக்கிறது. காரணம் காட்ட வேண்டிய சுமை குடும்பத்தின் மேல் விழுந்திருக்கிறது.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. இது உண்மை, நான் மறுக்கவில்லை. ஒரு பராமரிப்பாளர் இத்தனை அறைகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச முடியாது. அப்படியானால் பேச வருகிறவர்களை ஏன் தடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. நான் வந்தால் அம்மாவுக்கு நானே ஊட்டுவேன், தலை வாருவேன், நடைக்கு அழைத்துப் போவேன். உங்கள் ஊழியருக்கு அந்த நேரம் மிச்சம். அமெரிக்காவில் ஷரன் இனோயே என்ற மருத்துவர் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 70 வயது கடந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தினமும் போய்ப் பேசினார்கள், நடக்க வைத்தார்கள், கண்ணாடியும் காது கருவியும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார்கள். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்க் குழப்பநிலை அந்தப் பிரிவில் 9.9 விழுக்காட்டினருக்கு வந்தது, வழக்கமான பிரிவில் 15 விழுக்காட்டினருக்கு வந்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்களே மர பெஞ்சுகளில் உட்கார்ந்து மனச்சோர்வு உள்ளவர்களின் பேச்சைக் கேட்கிறார்கள். பலனுண்டு என்று 2016இல் ஆய்வும் வந்தது. உங்கள் இல்லத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் திறமை இருக்கிறதோ! அவர்களை எல்லாம் கவனிப்புக்கு உரியவர்களாக மட்டுமே பார்ப்பதால் அது யாருக்கும் பயன்படாமல் போகிறது.

மூன்றாவது, காணொளி அழைப்பு. எங்கோ தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது வரம்தான். ஆனால் பார்வை மங்கி, காது மந்தமான ஒருவர் முன் ஒரு சிறு திரையை நீட்டி, ஊழியர் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, சில நிமிடங்கள் பேசுவது சந்திப்பாகாது. கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதில் வழியில்லை. அம்மாவுக்கு இப்போது தேவைப்படுவது பெரும்பாலும் அதுதான்.

சிறைக் கைதிகளை நடத்துவது குறித்து ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற விதிகளை நெல்சன் மண்டேலா விதிகள் என்கிறார்கள். ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதை அவை தனிமைச் சிறை என்று வரையறுக்கின்றன. அது 15 நாட்களுக்கு மேல் நீடிப்பதைத் தடை செய்கின்றன. உங்கள் இல்லம் சிறை இல்லை, அறைக் கதவில் பூட்டும் இல்லை. ஆனாலும் அம்மா பொதுக்கூடத்துக்கு வராத ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். தட்டு வைக்க, தட்டு எடுக்க, மருந்து தர, குளிக்க உதவ என்று ஊழியர்கள் அறைக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அதில் அவரோடு பேசிய நேரம் எவ்வளவு? குற்றம் செய்தவர்களுக்கே கூடாது என்று உலகம் முடிவு செய்த ஒன்று, எந்தத் தவறும் செய்யாத முதியவர்களுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிறது.

ஒருகாலத்தில் மருத்துவமனைகள் நோயுற்ற குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்கும் இப்படியே கட்டுப்பாடு வைத்திருந்தன. பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது, தொற்று வரும், வார்டின் ஒழுங்கு கெடும் என்றார்கள். அழுகையை நிறுத்திய குழந்தையைப் பார்த்து, பழகிவிட்டது என்று திருப்தி அடைந்தார்கள். அது பழக்கம் இல்லை, நம்பிக்கை இழந்த நிலை என்று பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் போன்றவர்கள் கூர்ந்து கவனித்துக் காட்டினார்கள். 1959இல் அந்நாட்டு அரசின் பிளாட் குழு, குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று எந்த மருத்துவமனையாவது குழந்தையிடமிருந்து தாயை வாரக் கணக்கில் விலக்கி வைக்குமா? உங்கள் சுற்றறிக்கை சொல்லும் அமைதி எனக்கு அந்தக் குழந்தைகளின் அமைதியாகவே தெரிகிறது.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். உறவினரும் நண்பர்களும் பகல் நேரத்தில் முன்பதிவு இல்லாமல், அறைக்குள்ளேயே, அங்கே வசிப்பவர் விரும்பும்வரை இருக்க அனுமதியுங்கள். தொற்று பரவும் நாட்களில் கட்டுப்பாடு தேவையானால் அதற்குக் காரணமும் முடியும் தேதியும் எழுதி அறிவியுங்கள். அப்போதும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒருவராவது வந்து பார்க்க வழி இருக்க வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பவருக்கு எந்தச் சூழ்நிலையிலும் சந்திப்பை மறுக்கக் கூடாது.

சாப்பாட்டுக் கூடத்தைத் திறவுங்கள். எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாவிட்டால் இதை முதலில் செய்யுங்கள், செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். பொதுக்கூடம் பகல் முழுவதும் திறந்திருக்கட்டும். நாற்காலிகளை மேசைகளைச் சுற்றிப் போடுங்கள். ஒருவர் அறைக்கு இன்னொருவர் போகக் கூடாது என்ற அறிவுரையை நீக்குங்கள்.

ஒவ்வொருவரின் பராமரிப்புத் திட்டத்திலும் அவருடைய மனிதத் தொடர்பைப் பற்றி ஒரு பகுதி வேண்டும். யார் வருகிறார்கள், யாரோடு பேசுகிறார், கடைசியாக எப்போது அறையை விட்டு வந்தார் என்று. தனிமையை அளக்க மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் 2004 முதல் ஆய்வுகளில் பயன்பாட்டில் இருக்கிறது: துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, தனித்து விடப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது. ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல இதையும் மாதம் ஒரு முறை கேட்டுப் பதிவு செய்யுங்கள். காது கருவியையும் கண்ணாடியையும் தினமும் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஊழியரின் பொறுப்பாக இருக்கட்டும். தூக்க மாத்திரை தொடங்கும் முன்பும், மறதி நோய் என்று எழுதும் முன்பும் மனச்சோர்வுக்கான பரிசோதனை கட்டாயம் என்று ஆக்குங்கள். பார்க்க வர யாருமே இல்லாதவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களுக்காகத் தன்னார்வலர்களை வரவழையுங்கள். அந்தத் தன்னார்வலராக வர நானும் தயார், வேறு சில குடும்பத்தினரும் தயார்.

ஒருவர் இறந்தால் உடன் வசித்தவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து அவரை நினைத்துப் பேச ஓர் இடமும் நேரமும் கொடுங்கள்.

துறை அதிகாரிகளிடம் ஒன்று. உங்கள் ஆய்வுப் படிவத்தில் கழிப்பறை, தீயணைப்பு, மருந்துப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. தனிமை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அதைச் சேருங்கள். சந்திப்பு உரிமையை விதியாக்குங்கள், மறுத்தால் எங்கே முறையிடுவது என்பதையும் அதில் சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும்போது மேலாளர் அறையோடு நின்றுவிடாமல், அறைக்குள் தனியே இருப்பவர்களிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள்.

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்தில் குடும்பத்தினர் சார்பில் ஒருவரும், முக்கியமாக அங்கே வசிப்பவர்களில் இருவராவதும் உட்கார வேண்டும், இனி வரும் எல்லாக் கூட்டங்களிலும் உட்கார வேண்டும். உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள். எனக்கு அனுப்புவதோடு, பொதுக்கூட அறிவிப்புப் பலகையிலும், உள்ளே வசிப்பவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இல்லத்தில் வசிக்கும் ஒருவரின் மகள்